ஜேம்ஸ் ஹார்டி வில்கின்சனும் பிழையின் கணக்கும்

நேரியல் சமன்பாடுகள் பலவற்றை ஒருசேரத் தீர்ப்பதும், அணி எனப்படும் எண்கட்டம் ஒன்றின் உள்ளியல்பைக் காட்டும் சிறப்பியல்பு மதிப்புகளைக் கண்டறிவதும் இன்றைய அறிவியல், பொறியியல் கணக்கீடுகளில் பெரும்பங்கிற்கு அடித்தளமாக நிற்கும் இரண்டு வேலைகளாகும். பாலத்தின் உறுப்புகள் தாங்கும் விசைகளைக் கணிப்பவரும், விமானச் சிறகு எந்த வேகத்தில் தானே அதிரத் தொடங்கும் என்று ஆராய்பவரும், வானிலையை முன்கூட்டி உரைப்பவரும் கடைசியில் இவ்விரு வேலைகளில் ஒன்றிடமே வந்து சேர்கின்றனர். இவற்றிற்குரிய விதிகள் பழையவை. மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறைக்குக் கணிதர் காஸின் பெயர் வழங்கினாலும், அம்முறை அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பழஞ்சீனக் கணித நூலொன்றில் இடம்பெற்றிருந்தது. ஆனால் இவ்விதிகள் யாவும், எண்களை இலக்கக் குறைவின்றி முழுமையாக வைத்துக்கொள்ள முடியும் என்னும் எடுகோளின் மேல் எழுந்தவை. கணிப்பது மனிதக் கையாயினும் பொறியாயினும், ஓர் எண்ணுக்குப் பத்து இலக்கமோ பதினாறு இலக்கமோதான் இடமுண்டு என்பதால், ஒவ்வொரு பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் பின் மிஞ்சிய இலக்கங்களை வெட்டி, கடைசி இலக்கத்தைச் சரிக்கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இச்செயலுக்கு முழுதாக்கல் என்றும், அதனால் நேரும் மிகச் சிறு வேறுபாட்டிற்கு முழுதாக்கற்பிழை என்றும் பெயர். ஆயிரம் மாறிகள் கொண்ட ஆயிரம் சமன்பாடுகளைக் காஸ் நீக்கல் முறையில் தீர்க்க ஏறத்தாழ 33 கோடி பெருக்கல்கள் தேவைப்படும். ஒவ்வொரு பெருக்கலும் ஒரு சிறு பிழையை விட்டுச் செல்லுமாயின், இறுதியில் கிடைக்கும் விடையில் மெய்யாக நம்பத்தக்க இலக்கம் ஒன்றாவது எஞ்சியிருக்குமா என்னும் கேள்வி 1940களில் மிகுந்த கவலையோடு கேட்கப்பட்டது. அக்கேள்விக்கு நம்பகமான விடை தந்ததோடு, கேள்வியையே புதிதாக வகுத்துக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஹார்டி வில்கின்சன். எண்ணியல் நேரியல் இயற்கணிதம் என்னும் துறை இன்று கணிதத்தின் தனிப்பிரிவாகத் தலைநிமிர்ந்து நிற்பதில் அவரது வாழ்நாள் உழைப்பிற்குப் பெரும்பங்கு உண்டு.

வில்கின்சன் 1919 செப்டம்பர் 27 அன்று இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ட்ரூட் என்னும் ஊரில் பிறந்தார். அருகிலுள்ள ராச்செஸ்டரில், கணிதத்தைத் தன் பெயரிலேயே தாங்கிய சர் ஜோசப் வில்லியம்சன் கணிதப் பள்ளியில் பயின்று, பதினாறு வயதிலேயே கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் உதவித்தொகையை வென்று, 1936-இல் அங்குச் சேர்ந்தார். அவர் பிறந்த அதே 1919-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான், அந்த டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த சீனிவாச ராமானுஜன் இங்கிலாந்திலிருந்து தமிழகம் நோக்கிப் புறப்பட்டார் என்பது தமிழ் வாசகருக்கு நினைவில் நிற்கக்கூடியது. ராமானுஜனோடு பணியாற்றிய ஜி. எச். ஹார்டியும் லிட்டில்வுட்டும் கோலோச்சிய கணிதச் சூழலில்தான் வில்கின்சனும் உருவானார். அவருடைய பெயரின் நடுவிலும் ஹார்டி என்றிருப்பது தற்செயலே. நுண்பகுப்பாய்வு எனப்படும் தூய கணிதப் பிரிவில் அவர் தொடர்ந்திருப்பார் என்று கருத எல்லா இடமும் இருந்தது. 1939-இல் பட்டப்படிப்பு முடிந்தபோது போர் மூண்டது. 1940-இன் தொடக்கத்தில் பீரங்கிக் குண்டுகளின் பாய்ச்சலைக் கணிக்கும் அரசுப் பணியில் அவர் அமர்த்தப்பட்டார். முதலில் கேம்பிரிட்ஜிலும், 1943 முதல் கென்ட்டில் உள்ள ஃபோர்ட் ஹால்ஸ்டெட் ஆயுத ஆய்வு நிலையத்திலும் அவர் செய்த இந்த வேலை, தேற்றங்களிலிருந்து அவரைப் பிரித்து எண்களின் நடுவே கொண்டுபோய் வைத்தது.

அக்காலத்தில் 12 மாறிகள் கொண்ட 12 சமன்பாடுகளை மேசைக் கணக்குப்பொறியால் தீர்க்கும் வேலை ஒன்று அவரிடம் வந்தது. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பெருக்கலாகச் செய்து, விடையைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டிய காலம் அது. பத்துத் தசம இலக்கங்களோடு தொடங்கிய அவர் நீக்கல் முறையில் மாறிகளை ஒவ்வொன்றாக அகற்றிக்கொண்டு வந்தபோது, சமன்பாடுகளின் கெழுக்கள் படிப்படியாகச் சிறுத்து, கடைசிச் சமன்பாட்டில் தசமப் புள்ளியை அடுத்து வெறும் சுழியங்கள் வரிசையாக நின்றதால், பொருளுள்ள இலக்கங்கள் ஆறு அளவிலேயே எஞ்சின. எனவே கடைசி மாறியின் மதிப்பு ஆறு இலக்கத்திற்கு மேல் சரியாக இருக்க வழியில்லை என்றும், அதைக் கொண்டு பின்னோக்கிக் கணிக்கப்படும் மற்ற மாறிகளும் அதே குறைபாட்டைச் சுமந்திருக்கும் என்றும் அவர் எதிர்பார்த்தார். ஆயினும் வேலை முடிந்தபின் விடைகளை மூலச் சமன்பாடுகளில் பொருத்திப் பார்த்தபோது, இருபுறமும் பத்து இலக்கம் வரையிலும் ஒத்திருந்தன. இருபுறங்களுக்கும் இடையே நிற்கும் வேறுபாட்டிற்கு எச்சம் என்று பெயர். அந்த எச்சம், விடைகள் முற்றிலும் சரியாக இருந்து அவற்றைப் பத்து இலக்கத்திற்கு முழுதாக்கியிருந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவே இருந்தது. ஆறு இலக்கமே சரியான எண்கள் பத்து இலக்கம் வரை சமன்பாட்டை நிறைவேற்றுவது எங்ஙனம் என்பது, அவரோடு பணியாற்றிய பிறரையும் குழப்பிய புதிராக நின்றது.

இப்புதிரின் ஒரு பாதியைச் சிறிய எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். ஒரு சமன்பாடு x + y = 2 என்றும், மற்றொன்று x + 1.0001y = 2.0001 என்றும் இருக்குமாயின், விடை x = 1, y = 1 ஆகும். இரண்டாவது சமன்பாட்டின் வலப்புறத்தை 2.0001 என்பதற்குப் பதில் 2.0002 என்று பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாற்றினாலோ, விடை x = 0, y = 2 என்று தலைகீழாக மாறிவிடும். ஏறக்குறைய இணையாகச் செல்லும் இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி, ஒரு கோட்டை மயிரிழை அசைத்தாலும் நெடுந்தொலைவு நகர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். தவறான விடையாகிய (0, 2) என்பதை முதற்கணக்கில் பொருத்திப் பார்த்தால், எச்சம் 0.0001 மட்டுமே. எனவே எச்சம் சிறியதாக இருப்பதால் விடை சரியென்று ஆகிவிடாது. எச்சத்தின் சிறுமை வேறொன்றைச் சொல்லுகிறது. அந்த வேறொன்று எது என்பதை வில்கின்சன் முழுமையாக எடுத்துரைக்கப் பத்தாண்டுகளுக்கு மேலாயின.

1946 மே மாதம் அவர் டெடிங்டனில் உள்ள பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கணிதப் பிரிவில் சேர்ந்து, 1980-இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். கணிதர் ஆலன் டூரிங் அப்போது அங்கு ஏஸ் என்னும் மின்னணுக் கணிப்பொறியை வடிவமைத்துக்கொண்டிருந்தார். வில்கின்சன் பாதி நேரம் டூரிங்கிடமும், மீதி நேரம் குட்வினின் தலைமையில் இயங்கிய மேசைக் கணக்குப்பொறிப் பிரிவிலும் பணியாற்றுவது என்று ஏற்பாடாயிற்று. பின்னாளில் அவர் ஆற்றிய பணியின் தன்மையைப் புரிந்துகொள்ள இந்த இருபாதி ஏற்பாடு மிக முக்கியமானது. இன்னும் பிறவாத ஒரு பொறியின் உள்ளமைப்பையும், கையால் ஓடும் பொறியில் இலக்கங்கள் எப்படித் தேய்கின்றன என்பதையும் ஒரே வாரத்தில் மாறிமாறிப் பார்க்கும் வாய்ப்பு அக்காலத்தில் வேறு மிகச் சிலருக்கே கிடைத்திருக்கும்.

நீக்கல் முறையைப் பற்றி அறிஞரிடையே நிலவிய அவநம்பிக்கை அப்போது உச்சத்தில் இருந்தது. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஹரோல்ட் ஹோட்டெலிங் 1943-இல், ஒவ்வொரு மாறியை நீக்கும்போதும் பிழை நான்கு மடங்கு பெருகக்கூடும் என்று மதிப்பிட்டிருந்தார். அம்மதிப்பீடு மெய்யாயின், நூறு சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டுமென்றால் தேவையான இலக்கங்களுக்கு மேல் சுமார் 60 இலக்கங்களைக் காவலாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மின்னணுப் பொறி வந்தாலும் பெரிய கணக்குகளை அதனிடம் ஒப்படைக்க முடியாமற் போகும். இந்நிலையில் ஆய்வகத்திற்கு 18 சமன்பாடுகள் கொண்ட கணக்கொன்று வந்தது. கோட்பாட்டு விவாதத்தை நிறுத்திவிட்டு அதைச் செய்தே பார்த்துவிடுவது என்று ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ், குட்வின், டூரிங், வில்கின்சன் ஆகிய நால்வரும் முடிவு செய்தனர். இம்முயற்சி தோற்கும் என்பதில் டூரிங்குக்கு உறுதி இருந்தது. மேசைப்பொறியில் அவருக்குப் பழக்கமும் குறைவு. வந்த விடையோ வில்கின்சன் போர்க்காலத்தில் கண்டதையே மீண்டும் காட்டியது. கடைசிக் கெழு பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவிற்குச் சிறுத்திருந்தும், எச்சங்கள் பத்தாம் இலக்கத்தின் அளவிலேயே இருந்தன. கணக்கு செய்வோர் பலருடைய கண்ணிலும் இத்தகைய எச்சங்கள் பட்டிருக்கும். தற்செயல் என்று கடந்து போகாமல், காரணம் கேட்டு நின்றதே இங்குப் போற்றத்தக்கது.

டூரிங் இதன்பின் எழுதி 1948-இல் வெளியான கட்டுரை, முழுதாக்கற்பிழையைப் பற்றிய முதன்மையான ஆவணங்களுள் ஒன்று. தரவில் நேரும் சிறு மாற்றம் விடையில் எத்தனை மடங்காகப் பெருகக்கூடும் என்பதை ஒரே எண்ணால் சொல்லும் நிலைமை எண் என்னும் கருத்து, அப்பெயரோடு அக்கட்டுரையிலேயே அறிமுகமாயிற்று. மேற்கண்ட இருகோட்டுக் கணக்கின் நிலைமை எண் மிகப் பெரியது. குறுக்கும் நெடுக்குமாகச் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் இரு கோடுகளுக்கு அது மிகச் சிறியது. 1947-இல் கணிதர்கள் வான் நியூமனும் கோல்ட்ஸ்டைனும் வெளியிட்ட நீண்ட ஆய்வும் அவநம்பிக்கையைப் பெருமளவு தணித்தது. ஆனால் அது படிப்பவரைக் களைப்படையச் செய்யும் கடினமான ஆய்வு. ஒவ்வொரு முறைக்கும் அப்படியொன்றை எழுத யாராலும் முடியாது.

1948-இல் டூரிங் மான்செஸ்டருக்குச் சென்றபின், அவர் வரைந்த பெருந்திட்டத்தின் சிறு வடிவமான பைலட் ஏஸ் என்னும் பொறியைக் கட்டும் பொறுப்பு வில்கின்சனையும் அவருடைய தோழர்களையும் சேர்ந்தது. கணித அறிஞர்கள் பற்றவைப்புக் கோலைக் கையில் எடுத்து மின்னணுப் பிரிவினரோடு அமர்ந்து இணைப்புகளைச் செய்தனர். ஏறத்தாழ 800 வெற்றிடக் குழாய்களும், ஒலியலைகளாக எண்களை ஓடவிட்டு நினைவில் வைத்திருக்கும் பாதரசக் குழாய்களும் கொண்ட அப்பொறி 1950 மே 10 அன்று தன் முதல் நிரலை ஓட்டியது. சோதனைக்காகக் கட்டப்பட்ட பொறியே பல்லாண்டுகள் முழுநேரப் பணி செய்யும்படி ஆயிற்று. அதைப் பின்பற்றி இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனம் டியூஸ் என்னும் பொறியை 1955-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பைலட் ஏஸ் இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

எண்ணின் தசமப் புள்ளி ஓரிடத்தில் நிலைத்திராமல், எண்ணின் அளவிற்கேற்ப நகர்ந்துகொள்ளும் முறைக்கு மிதவைப் புள்ளி முறை என்று பெயர். பைலட் ஏஸின் வன்பொருளில் அவ்வசதி இல்லை. பொறி முடிவதற்கு முன்பே வில்கின்சனும் தோழர்களும் அதற்கான துணைநிரல்களை எழுதி வைத்திருந்தனர். அவை மெதுவாக ஓடின. ஆனால் மிதவைப் புள்ளிக் கணக்கீட்டில் பிழை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை மற்றவர்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே நாள்தோறும் கண்ணால் பார்க்கும் அனுபவத்தை அவை வில்கின்சனுக்குத் தந்தன.

அப்பொறியில் அவர் எழுதிய நிரல்களுள் ஒன்று பல்லுறுப்புக் கோவையின் மூலங்களைக் காண்பது. அதாவது, எந்த மதிப்புகளை x-க்கு இட்டால் கோவை சுழியாகும் என்று தேடுவது. நிரலைச் சோதிக்க, விடை முன்பே தெரிந்த கணக்கு வேண்டும் என்று கருதி, 1 முதல் 20 வரையுள்ள முழுஎண்களை மூலங்களாகக் கொண்ட கோவையை அவர் அமைத்தார். (x − 1), (x − 2) என்று தொடங்கி (x − 20) வரையுள்ள காரணிகளைப் பெருக்கி விரித்தால் 20-ஆம் படிக் கோவை கிடைக்கும். அதில் x-இன் 19-ஆம் படியின் கெழு −210, மாறிலி உறுப்பு 2432902008176640000. மூலங்கள் ஒன்றையொன்று நெருங்காமல் ஒழுங்கான இடைவெளியில் நிற்பதால் இதைவிட எளிய சோதனை இராது என்றே எவரும் நினைப்பர். பொறியோ சரியான மூலங்களைக் காண மறுத்தது. நிரலில்தான் தவறு என்று தேடிச் சலித்தபின் வில்கின்சன் கண்ட உண்மை வேறு. −210 என்னும் கெழுவை −210.0000001192 என்று, அதாவது இரண்டின் 23-ஆம் படியில் ஒரு பங்கு அளவிற்கு மட்டும் மாற்றினால், இருபது மூலங்களில் பத்து மெய்யெண்களாகவே இருப்பதில்லை, அவை கலப்பெண்களாகிவிடுகின்றன. 20 என்னும் மூலம் 20.847-க்கு நகர்கிறது, 16, 17 என்னும் இரண்டும் சேர்ந்து, மெய்ப்பகுதி 16.73-ம் கற்பனைப்பகுதி கூட்டல் கழித்தல் 2.81-ம் உடைய இணையாகின்றன. 1, 2, 3 போன்ற சிறிய மூலங்கள் மட்டும் அசையாமல் நிற்கின்றன. ஆகவே, கெழுக்களைப் பொறியில் ஏற்றும்போதே நேரும் கடைசி இலக்க முழுதாக்கலே மூலங்களை அழித்துவிடப் போதுமானது. நிரல் எழுதியவர் செய்யக்கூடியது எதுவுமில்லை. தம் பணிவாழ்வில் தமக்கு மிகுந்த அதிர்ச்சி தந்த அனுபவமாகவே இதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1959-இல் இதைப் பற்றி விரிவாக எழுதியதோடு, கால் நூற்றாண்டு கழித்து 1984-இல் மீண்டும் ஒரு கட்டுரையாக வடித்தார். கணித விளக்கக் கட்டுரைகளுக்கு அமெரிக்கக் கணிதச் சங்கமொன்று வழங்கும் ஷோவனே பரிசு, அவர் மறைந்தபின் 1987-இல் அக்கட்டுரைக்குக் கிடைத்தது.

இக்கோவையின் கதை வெறும் வியப்புச் செய்தியாக நின்றிருந்தால் இவ்வளவு விரித்துரைக்கத் தேவையில்லை. ஓர் அணியின் சிறப்பியல்பு மதிப்புகளைக் காண, முதலில் அம்மதிப்புகளையே மூலங்களாகக் கொண்ட அதன் சிறப்பியல்புக் கோவையை விரித்தெழுதி, பின் அக்கோவையின் மூலங்களைக் காண வேண்டும் என்பதே கல்லூரிப் பாடநூல்கள் அன்றும் இன்றும் சொல்லித் தரும் வழி. 1 முதல் 20 வரையுள்ள எண்களை மூலைவிட்டத்தில் வைத்து, மற்ற இடங்களைச் சுழியங்களால் நிரப்பிய அணியை எடுத்துக்கொண்டால், அதன் சிறப்பியல்பு மதிப்புகள் அவ்விருபது எண்களே. அவ்வணியின் உறுப்புகளைச் சமச்சீர் கெடாமல் பத்தாம் இலக்கத்தில் சிறிது மாற்றினால், மதிப்புகளும் ஏறத்தாழ அதே அளவிற்குத்தான் மாறும். இதைவிடப் பணிவான கணக்கு இருக்க முடியாது. ஆனால் அதற்குரிய சிறப்பியல்புக் கோவை மேலே கண்ட அதே கோவைதான். நல்ல கணக்கொன்றைப் பாடநூல் வழியில் மாற்றி எழுதியவுடன் அது தீராத கணக்காகிவிடுகிறது. காகிதத்தில் சமானமான இரு வழிகள் கணிப்பொறியில் சமானமானவை ஆகா என்பதை இதைக் காட்டிலும் தெளிவாக எடுத்துக்காட்டும் சான்று கணிதத்தில் அரிது. நம் கல்லூரிகளில் அணிகளைக் கற்பிப்போர் இந்த ஒரு கணக்கையாவது மாணவர் முன் வைப்பார்களாயின், அவர்கள் பின்னர் எழுதும் நிரல்களில் பல தவறுகள் முளையிலேயே நீங்கும்.

இனி, வில்கின்சனின் தலையாய பங்களிப்பாகிய பின்னோக்கிய பிழை ஆய்வைப் பார்க்கலாம். கணித்த விடைக்கும் உண்மை விடைக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று கேட்பதே வழக்கமான கேள்வி. வில்கின்சன் கேட்ட கேள்வி வேறு: கணித்த இவ்விடை எந்தக் கணக்கிற்கு முற்றிலும் சரியான விடை, அக்கணக்கு கொடுக்கப்பட்ட கணக்கிலிருந்து எவ்வளவு விலகியது? 2-இன் வர்க்கமூலத்தை ஒருவர் 1.414 என்று எழுதினால், அது தவறான விடையே. ஆனால் 1.414-ஐ அதனாலேயே பெருக்கினால் 1.999396 வருகிறது, எனவே அது 1.999396 என்னும் எண்ணுக்கு அணுவளவும் பிசகாத வர்க்கமூலம். கொடுக்கப்பட்ட 2 என்பது அளவுகோலால் அளந்து பெற்ற எண்ணாக இருந்து, அவ்வளவையிலேயே ஆயிரத்தில் ஒரு பங்கு ஐயம் இருக்குமாயின், 2-க்கும் 1.999396-க்கும் இடையே உள்ள பத்தாயிரத்தில் மூன்று பங்கு வேறுபாட்டை வைத்துக் கணித்தவர் மேல் குறை சொல்ல இடமில்லை.

இப்பார்வை மாற்றத்தின் பயன் மிகப் பெரிது. முன்னோக்கிய வழியில் பிழைகளைப் பின்தொடர்வோர், ஒவ்வொரு படியிலும் பிறக்கும் பிழை அடுத்தடுத்த படிகளில் எப்படிப் பெருகுகிறது என்று கண்காணித்துக்கொண்டே போக வேண்டும். மாறிகள் பல இருக்கும்போது அது கட்டுக்கடங்காமற் போகும். வில்கின்சனோ ஒவ்வொரு படியின் பிழையையும் தொடக்கத் தரவில் செய்யப்பட்ட ஒரு சிறு மாற்றமாகப் பின்னோக்கித் தள்ளி, எல்லாவற்றையும் அங்கே ஒரே கணக்கில் கூட்டினார். அதனால் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த இரண்டு பொறுப்புகள் தனித்தனியே பிரிந்தன. தரவில் தள்ளப்பட்ட மாற்றம் சிறியதா பெரியதா என்பது முறையின் பொறுப்பு. சிறிய மாற்றம் விடையை எவ்வளவு அசைக்கும் என்பது கணக்கின் இயல்பு, அதை நிலைமை எண் சொல்லும். போர்க்காலத்து 12 சமன்பாடுகளின் புதிரும் இவ்வாறே அவிழ்ந்தது: நீக்கல் முறை, பத்தாம் இலக்கத்தில் மட்டும் மாறுபட்ட அண்டைக் கணக்கொன்றைச் சரியாகவே தீர்த்திருந்தது, அதனால் எச்சம் சிறுத்தது. விடையில் நான்கு இலக்கங்கள் போனதற்குக் காரணம் அச்சமன்பாடுகளின் கூருணர்வு. இக்கருத்தின் விதை டூரிங்கின் கட்டுரையிலும், 1954-இல் வாலஸ் கிவன்ஸ் எழுதிய அறிக்கை ஒன்றிலும் காணப்படுகிறது; முதன்மை தமக்குரியது என்று வில்கின்சன் வாதாடாமல், கிவன்ஸுக்கு உரிய இடத்தை வெளிப்படையாகக் கொடுத்தார். ஆயினும் அவ்விதையை மரமாக்கி, அக்காலத்தில் வழக்கிலிருந்த முக்கியமான முறைகளுக்கெல்லாம் அவ்வாய்வைச் செய்து முடித்த உழைப்பு அவருடையது.

நீக்கல் முறையில் எந்த உறுப்பால் வகுத்து நீக்குகிறோமோ அதற்கு ஆதார உறுப்பு எனப் பெயரிடலாம். அதைத் தேர்வதில் உள்ள கவனம் எத்தகையது என்பதற்கும் ஒரு சிறு கணக்கு போதும். 0.0001x + y = 1, x + y = 2 என்னும் இரண்டின் விடை, இரண்டு மாறிகளுமே ஏறத்தாழ 1. மூன்று இலக்கங்கள் மட்டுமே வைத்துக்கொள்ளும் பொறியில், முதற்சமன்பாட்டின் 0.0001-ஐ ஆதாரமாகக் கொண்டு நீக்கினால், பத்தாயிரத்தால் பெருக்க நேர்ந்து, இரண்டாவது சமன்பாட்டில் இருந்த 1, 2 ஆகிய எண்கள் அப்பேரெண்ணின் முன் மூழ்கி மறைகின்றன; y = 1 என்றும் x = 0 என்றும் விடை வருகிறது. சமன்பாடுகளின் வரிசையை மாற்றி, பெரிய உறுப்பை ஆதாரமாகக் கொண்டால் x = 1, y = 1 என்று சரியாக வருகிறது. ஒவ்வொரு படியிலும் நீக்கப்படும் மாறியின் கெழுக்களுள் மிகப் பெரியதை ஆதாரமாகத் தேர்வதற்குப் பகுதி ஆதாரத் தேர்வு என்று பெயர். 1961-இல் வில்கின்சன் வெளியிட்ட ஆய்வு, நீக்கல் முறையின் பிழை முழுவதும் இடைக்கணக்கில் எண்கள் எவ்வளவு வீங்குகின்றன என்பதைப் பொறுத்ததே என்று நிறுவியது. பகுதி ஆதாரத் தேர்வில் n சமன்பாடுகளுக்கு அவ்வீக்கம் 2-இன் (n − 1)-ஆம் படிக்கு மேல் போகாது. நூறு சமன்பாடுகளுக்கு அது 30 இலக்கம் கொண்ட எண். அந்த எல்லையைத் தொடும் அணியொன்றையும் அவரே எடுத்துக்காட்டினார். அதேவேளை, நடைமுறையில் வரும் அணிகளில் அத்தகைய வீக்கம் ஏறக்குறையக் காணப்படுவதே இல்லை என்று தம் அனுபவத்தைச் சாட்சியாக வைத்து, அம்முறையைத் தயங்காமல் பரிந்துரைத்தார். அவர் அனுபவம் சரியென்றே அறுபது ஆண்டுகளின் கணக்கீடுகள் காட்டியுள்ளன. ஏன் சரி என்பதற்கு முழு நிறைவான விளக்கம் இன்றும் ஆய்வுப் பொருளாகவே உள்ளது. தேற்றத்தையும் அனுபவத்தையும் ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்காமல், இரண்டையும் வாசகர் முன் வைத்த இந்நேர்மை அவருடைய எழுத்து முழுவதிலும் காணப்படுவது.

சிறப்பியல்பு மதிப்புகளைப் பொறுத்தவரை, கோவையின் வழியை விட்டுவிட்டு அணியையே படிப்படியாக எளிய வடிவிற்கு உருமாற்றும் முறைகள் 1950களில் மலர்ந்தன. திசையன்களின் நீளத்தை மாற்றாமல் திருப்பவும் பிரதிபலிக்கவும் மட்டுமே செய்யும் செங்குத்து அணிகளால் உருமாற்றினால், பிழை பெருக வாய்ப்பே இல்லை என்பதால், கிவன்ஸும் ஹவுஸ்ஹோல்டரும் தந்த முறைகளை வில்கின்சன் பெரிதும் வளர்த்தெடுத்தார். லண்டனில் ஜான் ஃபிரான்சிஸும் லெனின்கிராடில் வேரா குப்லனோவ்ஸ்கயாவும் ஒருவரையொருவர் அறியாமல் 1960களின் தொடக்கத்தில் கண்டறிந்த கியூஆர் முறையே இன்று உலகெங்கும் வழங்குகிறது. அம்முறையை விரைவுபடுத்த ஒவ்வொரு சுற்றிலும் அணியின் மூலைவிட்டத்திலிருந்து ஓர் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். எதைக் கழிப்பது என்பதற்கு அவர் தந்த விதி வில்கின்சன் நகர்வு என்று அவர் பெயரால் வழங்குகிறது. சமச்சீர் மும்மூலைவிட்ட அணிகளுக்கு அந்நகர்வு தவறாமல் முடிவை அடையும் என்று 1968-இல் அவர் நிறுவினார். 10, 9, 8 என்று இறங்கிச் சுழியத்தைத் தொட்டு மீண்டும் 10 வரை ஏறும் மூலைவிட்டமும், அதன் இருமருங்கும் ஒன்றுகளும் கொண்ட 21 வரிசை அணியொன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அதன் மிகப் பெரிய இரு சிறப்பியல்பு மதிப்புகளும் 10.746 என்று தொடங்கித் தசமப் புள்ளிக்குப் பின் 13 இலக்கங்கள் வரை ஒன்றாகவே சென்று, அதன் பின்னரே பிரிகின்றன. புதிதாக எழுதப்படும் நிரல்களை உரசிப் பார்க்கும் கல்லாக அது இன்றும் பயன்படுகிறது.

1963-இல் முழுதாக்கற்பிழை பற்றிய சிறுநூலும், 1965-இல் இயற்கணிதச் சிறப்பியல்பு மதிப்புச் சிக்கல் பற்றிய பெருநூலும் வெளிவந்தன. 650 பக்கங்களைக் கடந்த இரண்டாம் நூல், ஒரு முறையை விளக்கி, அதன் பிழையை ஆராய்ந்து, தம் பொறியில் தாமே செய்து பார்த்த எண்களை அட்டவணையாக அடுக்கி, எங்கு அது தடுமாறும் என்று எச்சரித்துச் செல்லும் பாங்கில் எழுதப்பட்டது. அதைப் படிப்பவர், எண்களோடு நெடுநாள் பழகிய ஒருவரின் அருகில் அமர்ந்திருப்பதாகவே உணர்வர். பின்னர் ஜெர்மானியரான கிறிஸ்டியன் ரைன்ஷுடன் இணைந்து, பலர் எழுதிய அல்கால் மொழி நிரல்களைத் திரட்டிச் செப்பனிட்டு 1971-இல் ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் வழியே ஒரு கையேட்டை வெளியிட்டார். கணித ஆய்வின் இறுதி வடிவம் கட்டுரையோடு முடிந்துவிடுவதில்லை. பிறர் எடுத்து ஓட்டி நம்பக்கூடிய நிரலும் ஆய்வின் ஒரு பகுதியே என்னும் எண்ணம் அக்கையேட்டினால் வேரூன்றியது. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் அதிலுள்ள சிறப்பியல்பு மதிப்பு நிரல்களை ஃபோர்ட்ரான் மொழிக்கு மாற்றி ஐஸ்பேக் என்னும் தொகுப்பாக்கியது. அதனையடுத்து 1979-இல் லின்பேக்கும், 1992-இல் லாபேக்கும் வந்தன. கிளீவ் மோலர் தம் மாணவர்கள் ஐஸ்பேக்கையும் லின்பேக்கையும் எளிதாகக் கையாள வேண்டும் என்று 1970களின் இறுதியில் எழுதியதே மேட்லாப் என்னும் மென்பொருள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பொறியியல் மாணவர் ஒருவர் அதில் ஒரு வரி தட்டிச் சிறப்பியல்பு மதிப்பைப் பெறும்போது, டெடிங்டனில் தொடங்கிய மரபு அங்கு வந்து சேர்கிறது.

1969-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வில்கின்சன், 1970-இல் தம் பழைய தலைவரின் பெயரால் நிறுவப்பட்ட டூரிங் விருதைப் பெற்றார். 1977 முதல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆண்டின் ஒரு பகுதியைக் கழித்து வந்தார். 1986 அக்டோபர் 5 அன்று டெடிங்டனில் அவர் காலமானார். எண்ணியல் மென்பொருளுக்காக அவர் பெயரில் நிறுவப்பட்ட பரிசு 1991 முதல் வழங்கப்பட்டு வருகிறது.

முழுக்கணக்கையும் மிகுந்த இலக்கங்களில் செய்வதற்குப் பதிலாகக் குறைந்த இலக்கங்களில் வேகமாகக் கணித்துவிட்டு, எச்சத்தை மட்டும் கூடுதல் இலக்கங்களோடு கண்டு, அதைக் கொண்டு விடையைத் திரும்பத் திரும்பச் செப்பனிடும் முறையொன்றை அவர் பைலட் ஏஸ் காலத்திலேயே கையாண்டு ஆராய்ந்திருந்தார். செயற்கை நுண்ணறிவுக்காக உருவான இன்றைய சில்லுகள் குறைந்த இலக்கக் கணக்கில் மிகுந்த வேகம் காட்டுவதால், அம்முறை கடந்த சில ஆண்டுகளில் மீண்டும் ஆய்வின் நடுவிடத்திற்கு வந்திருக்கிறது. உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளின் பட்டியல் 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. தரவரிசையைத் தீர்மானிக்கும் சோதனை, மிகப் பெரிய பொறிகளில் கோடிக்கும் மேற்பட்ட மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளைப் பகுதி ஆதாரத் தேர்வுடன் கூடிய நீக்கல் முறையில் தீர்ப்பதே. ஓட்டம் முடிந்தவுடன் அச்சோதனை நிரல் விடையை உண்மை விடையோடு ஒப்பிடுவதில்லை. எச்சத்தைக் கணித்து, அணியின் அளவாலும் விடையின் அளவாலும் பொறியின் கடைசி இலக்கத்தின் அளவாலும் அதை வகுத்து, வரும் எண் 16-க்குக் குறைவாக இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. 12 சமன்பாடுகளை மேசைப்பொறியில் தீர்த்துவிட்டு இளைஞர் வில்கின்சன் வியந்து நோக்கிய அதே எச்சம்தான் அது.